அம்சவல்லி போட்ட வட்டங்கள்

அம்சவல்லிக்கு இருபத்தாறு வயதில் வரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மரக்காணத்தில் அவள் அப்பா முருகையன் உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தேர்வு நாளன்று மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய், பள்ளிக்கூட வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றிருந்துவிட்டு, மறுநாள் விடியும்முன் மறுபடியும் உப்புப் பாத்தியில் இறங்கியவர். வேலை ஆணை வந்தபோது அதைப் படிக்கத் தெரியாமல், முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொன்னார்: "எம் பொண்ணு சம்பளத்துக்கு மேல ஒரு பைசா தொடமாட்டா."

தொடவும் இல்லை. பதினெட்டு வருடத்தில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இடையஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் சுரேஷ் ஆரோவில்லில் தச்சு வேலைக்குப் போக, இவள் தினமும் பேருந்து பிடித்து அலுவலகம் போய்வந்தாள். அது எந்த ஊர் அலுவலகம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அறக்கட்டளைகளும் சங்கங்களும் வரிவிலக்குச் சான்றிதழ் கேட்டு அனுப்பும் விண்ணப்பங்கள் முதலில் அவள் மேசைக்கு வரும். தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கைநீட்டாதவள் என்ற பெயர் இருந்ததால், தான் நேர்மையானவள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கண்காணிப்பாளராகத் தட்சணாமூர்த்தி மாற்றலாகி வந்த இரண்டாவது மாதம், ஒரு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ மரக்காணம் பக்கம்தானே?"

"ஆமாங்க சார்."

"உப்பளப் பெண் தொழிலாளர் நலச் சங்கம். தெரியுமா?"

"தெரியும் சார். தலைவி ஜெர்லின் எனக்கு ஸ்கூல்ல ஒரு வகுப்பு மேல படிச்சவங்க. நல்ல மாதிரி."

"நல்ல மாதிரி இருக்கட்டும். என்ன ஆளுங்க?"

ஜாதியைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் தயங்கினாள். அவர் சிரித்தார். "அதைக் கேக்கலம்மா. எந்தக் கட்சி?"

"அந்த அக்கா கட்சியிலெல்லாம் இல்லைங்க. அவங்க வீட்டுக்காரர் செல்வநாதன்தான் உள்ளாட்சித் தேர்தல்ல ஒருதடவை வார்டுக்கு நின்னாரு. தோத்துட்டாரு." எந்தக் கட்சி என்பதையும் சொன்னாள். மேலே இருப்பவர்களுக்கு ஆகாத கட்சி அது.

தட்சணாமூர்த்தி விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். "இது கொஞ்சம் மெதுவா போவட்டும்" என்றார்.

மெதுவாக என்றால் என்ன அர்த்தம் என்று அன்று சாயங்காலமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அவள் மனதில் இருந்தது வேறு. இத்தனை வருடத்தில் ஒரு மேலதிகாரி அவளை உட்காரவைத்து யோசனை கேட்டது அதுதான் முதல்தடவை. அதைச் சுரேஷிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளை அதிகமாகக் குத்தியது இந்தப் பெருமைதான்.

அடுத்த மாதத்தில் இன்னும் இரண்டு விண்ணப்பங்களுக்கு அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவர் வட்டம் போட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. "கடலோரம் பூரா உனக்கு அத்துப்படி. நீயே பார்த்துப் பிரிச்சிடும்மா" என்று பென்சிலை அவளிடம் கொடுத்துவிட்டார். பெயரில் 'உரிமை' என்றோ 'தொழிலாளர்' என்றோ இருந்தால் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். கல்யாண மண்டபம் ஒன்றின் முகவரியைத் தவிர வேறு எதையும் காட்டாத ஓர் அறக்கட்டளைக்குப் பதினெட்டே நாளில் சான்றிதழ் போனது. அதன் தலைவர் வீட்டுச் சுவரில் யார் படம் மாட்டியிருந்தது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வட்டம் போட்டவற்றுக்குச் சான்றிதழ் போகவில்லை, கேள்விகள் போயின. உங்கள் கூட்டங்களில் யார் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், புகைப்படங்களை அனுப்பவும், உறுப்பினர்கள் வேறு எந்த அமைப்பில் இருக்கிறார்கள். சட்டத்தில் எங்கும் இல்லாத கேள்விகள். அவற்றைத் தட்டச்சு செய்ததும் அவள்தான்.

மூன்றாவது கடிதம் போன பிறகு ஜெர்லின் நேரிலேயே வந்தாள். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். ஒரு துணிப்பை நிறையப் புகைப்படங்கள்.

"அம்சா, கேட்டதெல்லாம் இருக்குதான்னு நீயே பார்த்துடு" என்று மேசைமேல் பரப்பினாள். வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படத்தில் நாலைந்து பேர் கையை உயர்த்தியிருந்தார்கள். ஜெர்லின் அவசரமாக அதன்மேல் விரலை வைத்தாள். "இது கோஷம் போடறது இல்ல. நர்ஸம்மா தூரத்துல நின்னு எத்தினி வெரல்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்க கை தூக்கறாங்க."

உப்பில் வெயில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும். அம்சவல்லிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பா கடைசிக் காலத்தில் ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். சென்னையில் ஓர் அறக்கட்டளை, முகாம் நடத்தி, அறுவை சிகிச்சைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. சங்கத்திடம் வரிவிலக்குச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதும்.

"எங்க அம்மாவுக்கு வலது கண்ணுல பாதி மறைக்குது. மார்ச்சுக்குள்ள கெடைச்சா முதல் லிஸ்ட்லயே சேர்த்துடுவாங்க" என்றாள் ஜெர்லின். எழுந்து போகும்போது, "நீ இங்க இருக்கறது தைரியமா இருக்குது அம்சா" என்று அவள் தோளைத் தொட்டாள்.

அம்சவல்லி புகைப்படங்களைக் கோப்பில் வைத்து, கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், சாப்பிடவில்லை. ஆனால் வட்டத்தை அழிக்கவும் இல்லை. மார்ச் போயிற்று.

மே மாதம் பயிற்சி முகாம் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடலோர விடுதியில் மூன்று நாள். மன அழுத்தம் குறைய இரண்டு மணி நேரம் சிரிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் விமானத்தில் வந்தார். அவருக்குக் கொடுத்த தொகையைச் சம்பாதிக்க உப்பளத்து ஆள் ஒருத்திக்கு ஒரு வருடம் ஆகும் என்று ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் தோல் பை, அதற்குள் வாசனை மெழுகுவத்தி. கடைசிநாள் விழாவில் திரையிட ஒரு நகைச்சுவைப் படமும் எடுக்க வேண்டும் என்று தட்சணாமூர்த்திக்கு ஆசை. அந்தக் காலத்து ராஜா குதிரையில் வந்து உப்பளத்தில் வரி வசூலிக்கிறார், ஒரு கூலிக்காரி மடியில் காசை ஒளித்துக்கொண்டு உப்புக் குவியலைச் சுற்றி ஓடுகிறாள். இதுதான் கதை. ராஜா அவர். கூலிக்காரி வேஷத்துக்கு அம்சவல்லியைச் சொன்னார்கள். "உனக்குத்தான் இயல்பா வரும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

படம் எடுக்கப் போனது மரக்காணத்துக்கு. புதுச்சேரியிலிருந்து வாடகைக் குதிரை வந்தது. மேலே பறந்து படம் பிடிக்கும் கருவி வந்தது. உப்பளக் குத்தகைக்காரர் அரசாங்கத்து ஆட்களைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல், காலையில் வந்த பெண்களைப் பாத்தியிலிருந்து வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அவர்கள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். குதிரை உப்புத் தண்ணீரில் கால்வைக்க மாட்டேன் என்றது. அதை இழுத்துத் தள்ளிக் கொண்டுவருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையால் உப்பை வாருவதுபோல் செய்தாள். "இன்னும் கூனு, இன்னும் கூனி நட" என்று படமெடுக்கிறவன் கத்தினான். கூனி நடந்தாள். ராஜா சாட்டையோடு துரத்த, குவியலைச் சுற்றி ஓடினாள். மூன்றாம் தடவை ஓடும்போதுதான் வரப்பில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். முன்னால் ஜெர்லின், அவள் கையைப் பிடித்தபடி அவள் அம்மா ஆனந்தம்மாள்.

முடிந்ததும் பேசாமல் வண்டி ஏறிவிட நினைத்தாள். ஜெர்லினே கிட்டே வந்தாள்.

"ஆபீஸ்ல சொன்னா செய்யத்தானே வேணும்" என்றாள், சமாதானம் சொல்வதுபோல. அவள் பார்வை குதிரைமேல் இருந்தது. "எங்களுக்கு இன்னிக்கி அரை நாள் கூலிதானாம். உன்னால மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

"சொல்றேன்க்கா."

ஆனந்தம்மாள் அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "யாரு, முருகையன் பொண்ணா? ஓடுச்சே, அதுவா?" என்று கேட்டாள்.

அம்சவல்லி மேஸ்திரியிடம் சொல்லவில்லை. தட்சணாமூர்த்தி வண்டியில் காத்திருந்தார்.

தோல் பையை வீட்டுக்கு எடுத்துவந்தபோது சுரேஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு காசுல குடுத்தாங்க?" என்றார். "ஆபீஸ்தான்" என்றாள். "ஆபீஸுக்கு ஏது காசு?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பை பரண்மேல் போயிற்று.

ஆறு மாதம் கழித்து அந்த ராஜா படம் எப்படியோ கைபேசிகளில் பரவியது. பத்திரிகையில் வந்தது. முகாமுக்கு ஆன செலவைத் தோண்டப் போனவர்கள், அலமாரியில் வட்டம் போட்ட இருபத்தேழு விண்ணப்பங்களையும் கண்டெடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி விசாரிக்க வந்தார். அம்சவல்லியை உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே சொன்னார்:

"நான் யாருக்கும் எழுத்துல உத்தரவு போடலைன்னு உங்க கண்காணிப்பாளர் சொல்றாரு. நீங்க அந்த ஊர்க்காரங்க, சொந்தப் பகையில செஞ்சிருக்கலாம்னு சொல்றாரு."

யூனியன்காரர் சிவப்பிரகாசம் வெளியே அவளுக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் தட்டச்சு செய்பவள், எனக்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம் என்றிருந்தார். அவளும் அப்படித்தான் சொல்ல நினைத்து வந்திருந்தாள். மேசைமேல் ஜெர்லினின் கோப்பு திறந்துகிடந்தது. கை தூக்கியிருந்த பெண்களின் படத்தில், யாரோ சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"வாயால சொன்னாருங்க மேடம்" என்றாள். "ஆனா யாரு எந்தக் கட்சின்னு சொன்னது நான். முதல் மூணு வட்டம் அவர் போட்டது. மீதி இருபத்துநாலும் நான் போட்டேன். பகையெல்லாம் இல்லைங்க. சார் என்னை மதிச்சுக் கேட்டாரு. அதுக்காகத்தான்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இதை இப்படியே எழுதிக்கலாமா?"

"எழுதிக்கங்க."

அவளுக்கு இரண்டு ஊதிய உயர்வு வெட்டு, வேறு ஊரில் பழைய ஆவண அறைக்கு மாற்றல். தட்சணாமூர்த்திக்கும் மாற்றல்தான், பெரிய நகரத்தில் பயிற்சிப் பிரிவுக்கு. இருபத்தேழில் பத்தொன்பது சங்கங்களுக்குச் சான்றிதழ் போனது. எட்டுச் சங்கங்கள் அதற்குள் கலைந்துபோயிருந்தன. ஜெர்லினுக்கு இரண்டு வருடம் இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. கண் முகாம் அறக்கட்டளை அதற்கு முன்பே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனந்தம்மாளின் வலது கண் முழுதாக அணைந்துவிட்டது.

பத்திரிகைச் செய்தியில் அம்சவல்லியின் பெயர் இல்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மரக்காணம் போய், ஜெர்லின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெர்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீ சொன்னது பொய்யில்லையே. எங்க வீட்டுக்காரரு அந்தக் கட்சியிலதான் நின்னாரு. அதுக்கும் எங்கம்மா கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு உனக்குத் தோணலையா மேடம்?"

மேடம் என்று அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"தோணுச்சு" என்றாள் அம்சவல்லி. "தோணியும் செஞ்சேன்."

"என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? கண்ணு எனக்கா போச்சு? நாளைக்கு பூசை முடிஞ்சி கோயில் பின்னாடி மீட்டிங் இருக்குது. அங்க வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் பின்புறம் வேப்பமரத்தடியில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். பாதிப்பேர் அவளோடு தெருவில் விளையாடியவர்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள். கட்சியைச் சொன்னதை, வட்டம் போட்டதை, கேள்விகளைத் தட்டச்சு செய்ததை, மேஸ்திரியிடம் பேசுகிறேன் என்று சொல்லிப் பேசாமல் போனதைக்கூட. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. யாரும் திட்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "வேலை போயிடுச்சா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள். "சம்பளம்?" "வருது." கேட்டவள் தலையாட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனந்தம்மாள் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "இது இப்ப எதுக்கு வந்து சொல்லுது?" என்று மெல்லக் கேட்டாள்.

ஜெர்லின் நோட்டைப் பிரித்து, மழைக்காலத்தில் வேலை இல்லாத மூன்று மாதத்துக்கு அரிசி வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். எந்தக் கடையில் வாங்குவது, யார் வண்டி பிடிப்பது என்று பேச்சு சூடு பிடித்தது. அவளை யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அம்சவல்லி கூட்டம் முடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.