துருவுக்குப் பொட்டு வைத்த நாள்

கலைக்கூடத்தில் ஹால் டியூட்டி பார்க்கும் புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா? உட்கார நாற்காலி கிடையாது, ஏதாவது ஒன்று ஆனால் மட்டும் முதல் பெயர் நம்முடையது. புனே ஔந்தில் நான் நின்று பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

பெருக்கப்பட்ட கலை

கூரை உயரத்துக்கு இரும்புச் சாரம், அதில் ஐந்து பழைய லேத் மெஷின்கள், தரையெல்லாம் உதிர்ந்த துரு. அதுதான் கண்காட்சி. செய்தவர் ஒரு சென்னைக்கார மேடம். முதல் வாரமே, நான் டாய்லெட் போன ஐந்து நிமிஷத்தில், துப்புரவு அக்கா அந்தத் துருவைச் சுத்தமாகக் கூட்டி வாரிவிட்டார்! மேனேஜர் கூப்பிட்டார். என் சம்பளத்தில்தான் வீட்டில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.

"தாயி, இன்னொரு தப்பு நடந்தா வீட்லயே உக்காந்துக்குங்க."

ஓடாத படம்

பக்கத்து இருட்டறையில் பெரிய திரை. மூடிய தொழிற்சாலை, அசையாத மெஷின், நாற்பது நிமிஷமும் அவ்வளவுதான். ஹடப்சர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுந்துபோய்த் திரையைத் தட்டக் கையை ஓங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து தடுத்தேன்.

"ஸாரிங்க, ஹேங் ஆயிடுச்சோன்னு பாத்தேன்."

கண்டே நவமி

நம் ஆயுத பூஜைதான். அன்று பதினோரு மணிக்கு மேடம் விருந்தாளிகளோடு வருவதாக ஏற்பாடு. பத்தே முக்காலுக்கு ஹாலுக்குள் நுழைகிறேன், கீழ் மெஷின் பளபளவென்று மின்னுகிறது! எண்ணெய் போட்டுத் துடைத்து, குங்குமப் பொட்டு வைத்து, செண்டுப்பூ மாலையும் போட்டாயிற்று. பக்கத்தில் கந்தல் துணியோடு முருகேசண்ணன். இங்கே புரொஜெக்டர் பார்ப்பவர். அதற்குமுன் சிஞ்ச்வட் கம்பெனியில் இருபது வருஷம் லேத் ஓட்டியவர்.

"அண்ணே, என் வேலைக்கு உலை வச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. போன துருவை எங்கே போய் வாங்கி ஒட்டுவது?

மேடம் வந்தார். மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் செஞ்சது?" மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம், இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஒரு வருஷம் துரு ஏத்தியிருப்பீங்க, நான் இருபது வருஷம் ஏறவிடாம தொடைச்சவன். இன்னிக்குக் கை கேக்கல."

மேடம் அந்த மெஷினின் சக்கரத்தைக் கையால் ரொம்ப நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு "இப்படியே இருக்கட்டும்" என்று போய்விட்டதால், இப்போது என் வேலையும் இருக்கிறது, வாடிய மாலையை யாரும் கழற்றாமல் காக்கும் உபரி டியூட்டியும் இருக்கிறது.