டிகிரி மேஸ்திரியின் உள்ளங்கை

ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் மேஸ்திரியாக இருக்கும் அவருக்கு 'டிகிரி' என்று பெயர் வந்ததற்கும் அவருடைய படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் தாண்டிய வகுப்புகளைவிடத் தாண்டிய சுவர்கள்தான் அதிகம். வேலை நடக்கும் இடத்தில் தண்டவாளத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "முப்பத்தொண்ணு டிகிரி" என்பார். யாராவது குனிந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். முப்பத்தொன்றுதான் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதாகச் சரித்திரம் கிடையாது.

இந்த வித்தையின் ரகசியத்தை இப்போதெல்லாம் அவரே சொல்கிறார், கேட்டாலும் சொல்கிறார், கேட்காவிட்டாலும் சொல்கிறார். கையை வைப்பதற்கு முன்னால் ஓரக்கண்ணால் தெர்மாமீட்டரைப் பார்த்துவிடுவார். அவ்வளவுதான். "கண்ணை மூடணும்னா முதல்ல திறந்து வெச்சிருக்கணும். அதுதான் தொழில் நுணுக்கம்" என்பார். முதல்தடவை வேடிக்கைக்காகத்தான் செய்தார். கேங்கில் இருந்த வெல்டர் வாயைப் பிளந்தார். தன்னைப் பார்த்து ஒரு மனிதர் வாயைப் பிளப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. ருசி கண்டுவிட்டார். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த மறுநாள் வர இருபத்தாறு வருஷம் ஆனது.

வீட்டில் அந்தக் கைக்கு ஒரு மரியாதையும் இல்லை. மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது உடம்பு சுடுகிறது என்று படுத்துக்கொண்டாள். இவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவைத்தார். பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தார். நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் யார் நெற்றியையும் தொடக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருக்கிறாள்.

அவருடைய வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்துத் தண்டவாளத்தில் இடைவெளி கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் ஒரே இரும்பாக வெல்டிங் செய்திருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளப் பார்க்கும்; நீள இடம் இல்லாததால் உள்ளுக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடக்கும். முட்டல் அளவுக்கு மீறினால் ஒருநாள் மத்தியானம் பாதையே பக்கவாட்டில் கோணிக்கொள்ளும். அப்போது அதன்மேல் ரயில் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதனால் குளிர்ந்த வேளையில் தண்டவாளத்தை ஓரிடத்தில் அறுத்து, பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றி, உருளைகளின்மேல் தூக்கி வைத்து, மரச்சுத்தியலால் வழிநெடுகத் தட்டி அதன் முறுக்கையெல்லாம் விடச் செய்வார்கள். பிறகு இரும்பின் சூட்டை அளந்து, நாற்பது டிகிரியில் அது எவ்வளவு நீண்டிருக்குமோ அந்த அளவுக்கு ஜாக்கியால் இழுத்து, அப்படியே வெல்டிங் செய்து கிளிப்பை மாட்டிவிடுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் இழுப்பது என்பது அந்தச் சூட்டின் கணக்கு. அதில் தப்பினால் மற்றதெல்லாம் எவ்வளவு ஒழுங்காகச் செய்தும் பிரயோசனம் இல்லை.

ஒருநாள் காலையில் மேகமூட்டம். மூன்று மணி நேரம் ரயில்களை நிறுத்திக் கொடுத்திருந்தார்கள். முந்நூறு மீட்டர் நீளத்தைத் தட்டி முடித்தாயிற்று. தட்டிய தண்டவாளம் அடங்க ஒரு கால் மணி நேரம் விட வேண்டும். கேங்குக்கு அது டீ நேரம். தண்டவாளத்தின்மேல் எந்தச் சாமானையும் வைக்கக் கூடாது என்பது மேஸ்திரியே போட்ட உத்தரவு. ஜல்லியில் டீக் கெட்டில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி வந்த ஐந்து லிட்டர் கெட்டில். உத்தரவு போட்டவரே அதைத் தூக்கித் தண்டவாளத்தின் தலையில் வைத்தார். வைத்த இடம் தண்டவாளத்தின் பக்கவாட்டில் தெர்மாமீட்டர் ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் மேலே. முந்நூறு மீட்டரில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்றால், அவர் எப்போதும் தெர்மாமீட்டர் பக்கத்தில்தான் உட்காருவார். திருட்டுத்தனமாகப் பார்க்க அதுதான் வசதி.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. எந்த வருஷம், எந்தப் பாலத்தில், எந்த அதிகாரி முன்னால் கை வைத்து என்ன சொன்னார் என்று வாய் ஓயாமல் பேசினார். எல்லோரும் இரண்டாவது டம்ளர் டீயும் குடித்தார்கள். பிறகு அவர் கெட்டிலை எடுத்துக் கீழே வைத்து, ஓரக்கண்ணால் பார்த்து, கையை வைத்து, கண்ணை மூடி, "முப்பத்தி நாலு" என்றார்.

வெல்டர் குனிந்து பார்த்தார். "அச்சு அசல் முப்பத்தி நாலு!"

கைதட்டல்கூடக் கிடைத்தது. கணக்குப் போட்டு இருபத்தொரு மில்லிமீட்டர் இழுத்து, வெல்டிங் செய்து, நேரத்துக்கு முன்பே பாதையைத் திறந்துவிட்டார்கள். மேஸ்திரி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய கையெழுத்து.

மறுநாள் அடுத்த முந்நூறு மீட்டர். அதே நேரம், அதே மேகம், அதே கெட்டில். அன்று பேச்சு வேறு யாருடைய வீட்டுச் சண்டையைப் பற்றியோ என்பதால் அவருக்குக் கேட்கும் வேலை மட்டும்தான். வேலையில்லாத கண் தெர்மாமீட்டரின்மேல் போய் நின்றது. முள் இருபத்தேழில் இருந்தது. பிறகு இருபத்தெட்டு. பிறகு முப்பது. வானத்தில் வெயிலே இல்லை. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கெட்டிலைப் பார்த்தார்.

கெட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். சிறிது நேரத்தில் முள் தானாக இருபத்தேழுக்கு இறங்கியது. அன்றைய வேலையைச் சரியாகவே செய்தார்கள். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் இழுத்தார்கள். அப்படியென்றால் நேற்றும் நாற்பத்தைந்து இழுத்திருக்க வேண்டும். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு கூடுதலாக உள்ளே கிடக்கிறது. இந்தக் குளிர்ச்சியில் அது பாட்டுக்குக் கிடக்கும். அடுத்த வாரம் வெயில் ஏறும் என்று காலை ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். பொய்யும் இல்ல, அது தப்பாத்தானே காட்டுச்சு?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லுங்களேன், யார் வேணாம்னாங்க? அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் பொண்ணும் அந்தப் பாதையில போற ரயில்லதான் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். போலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க."

"அதுக்குள்ள சரி பண்ணலன்னா... ஒரு வாரம் தள்ளிப் போங்களேன்."

"அப்ப பிளாட்பாரத்துல நிக்கிற மத்தவங்ககிட்டயும் அதையே சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பொறியாளர் அம்மாவின் அறை வாசலில் நின்றார். அந்தப் பெண் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மேஜையில் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம், நான்கு போன்கள், மூலையில் சேறு காயாத பூட்ஸ். மேஸ்திரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தார். தெர்மாமீட்டரில் கோளாறு, முந்தாநாள் அளவு தப்பாக இருக்கலாம், மறுபடி அறுத்துச் செய்வது நல்லது.

பொறியாளர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "முப்பத்தி நாலுன்னு இருக்கே. அன்னைக்கு நீங்க கை வெச்சும் பார்த்தீங்களாமே? வெல்டர் போன்ல சொன்னாரு. கையும் முப்பத்தி நாலுன்னுதான் சொல்லுச்சாம்."

"ஆமாம்மா."

"அப்ப தெர்மாமீட்டர் கெட்டிருந்தா என்ன மேஸ்திரி? உங்க கை இருபத்தாறு வருஷமாத் தப்பினதில்லன்னு எனக்கு முன்னாடி இருந்தவரு சொல்லிட்டுப் போனாரு. அளவு சரியாத்தான் இருக்கும். இன்னொரு தடவை ரயிலை நிறுத்தச் சொன்னா கண்ட்ரோல்ல என்னைக் கடிச்சுத் தின்னுடுவாங்க. விடுங்க, நிம்மதியாப் போங்க."

மேஸ்திரி திகைத்துப் போனார். தெர்மாமீட்டரின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்று வந்தால், அவருடைய சவடாலே அந்தத் தப்பான எண்ணுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும். கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது. கதவுவரைக்கும் போனார் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார்.

திரும்பி வந்தார். "என் கை எதுவும் சொல்லலம்மா."

"என்ன?"

"அன்னைக்கு மட்டும் இல்ல. என்னைக்குமே சொன்னதில்ல. நான் தெர்மாமீட்டரைப் பார்த்துட்டுத்தான் கையை வைப்பேன். அது தப்பாக் காட்டினதும் என்னாலதான். அதுமேல டீக் கெட்டிலை வெச்சது நான்."

பொறியாளர் சிரிப்பார் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார், சிரித்திருந்தால் தேவலை. அவர் போனை எடுத்து, அந்த இடத்தில் எல்லா ரயில்களும் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று உடனே உத்தரவு போட்டார். அடுத்த போனில் சனிக்கிழமை காலைக்கு மூன்று மணி நேரம் கேட்டார். மறுமுனையில் கத்துவது மேஸ்திரிக்கே கேட்டது. கத்தல் முடியும்வரை காத்திருந்து, "காரணம் அளவுப் பிழை. ஆமா, எங்க பக்கத்துப் பிழைதான்" என்றார். எங்க பக்கம் என்று அவர் சொன்னது மேஸ்திரிக்குச் செருப்படியைவிட வலித்தது.

சனிக்கிழமை கேங் கூடியதும், எதற்காக மறுபடி அறுக்கிறோம் என்பதை அவரே நின்று சொன்னார். கெட்டில், ஓரக்கண், மகளின் காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஆளுக்கு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அடப்பாவி, நான் வாயைப் பிளந்ததெல்லாம் வீணா?" என்றார் வெல்டர். மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். அவ்வளவு வருஷம் தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்ததில் உடம்பே லேசாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்றுகூட நினைத்தார்.

கீமேன் மட்டும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் பாதையோடு நடந்து ஒவ்வொரு கிளிப்பாகப் பார்க்கும் ஆள் அவர், வாயில்லாப் பூச்சி. தட்டி முடித்துத் தண்டவாளம் அடங்கக் காத்திருந்தபோது மேஸ்திரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு டீ குடிக்கிறப்ப நான் தண்டவாளத்துல உக்காந்தேன் மேஸ்திரி. அந்தக் கோடியில. சில்லுன்னு இருந்துச்சு. முப்பத்தி நாலுன்னா அப்படி இருக்காது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா?"

"சொல்லத்தான் எந்திரிச்சு வந்தேன். அதுக்குள்ள நீங்க கையை வெச்சுச் சொல்லிட்டீங்க. எல்லாரும் கைதட்டினாங்க." கீமேன் ஜல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க கை சொன்னதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் உடம்பு சரியில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

மேஸ்திரி கெட்டில் கதையை இன்றுவரை ஆயிரம் பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். இந்த இடம் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். இருபத்தாறு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் எழுந்து வந்து திரும்பிப் போயிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அறையில் பொறியாளர் முன்னால் பட்ட வெட்கமெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அன்று இரண்டு தெர்மாமீட்டர்கள் இரண்டு கோடியிலும் ஒட்டியிருந்தன. இரண்டையும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, படிவத்தைப் பிரித்து, "இருபத்தொம்பது" என்றார். "யாருக்காவது வேற மாதிரி தோணுதா?"

யாரும் பேசவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கம் அந்தக் கேங்கிலேயே கிடையாது. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி எழுதாமல் நின்றார். வெல்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி கீமேனைப் பார்த்தார்.

கீமேன் தயங்கித் தயங்கி வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார். அவசரப்படாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுங்க" என்றார்.