குச்சனூர்க் கயிறும் டீசல் டேங்க் கதவும்

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் இருந்து வந்த கறுப்புக் கயிற்றை மாமாவின் பிக்கப் வண்டியில் எங்கே கட்டுவது என்பது, ஒரு சனிக்கிழமை காலை நீண்ட ஆலோசனைக்குப் பிறகு முடிவானது.

கண்ணாடியில் இடமில்லை, அங்கே ஏற்கெனவே எலுமிச்சம்பழம். ஸ்டீயரிங்கில் கட்டினால் சனீஸ்வரனையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். கடைசியில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த சின்ன லீவரைப் பாண்டியம்மா அத்தை தேர்ந்தெடுத்தார். மாமாவுக்கு ஏழரைச் சனி. கயிறு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு, மேலே முடிச்சுக்கு மேல் முடிச்சு...

நான் அப்போது காலேஜ் முடித்துவிட்டு, காமயகவுண்டன்பட்டியில் மாமாவின் திராட்சை வியாபாரத்தில் இருந்தேன். பதவி, பக்கத்து சீட்.

திங்கட்கிழமை. வண்டி நிறையப் பன்னீர் திராட்சை. வெயில் ஏற ஏற, பெட்டிகளில் இருந்து ஒரு வாசனை வரும்... பாதி இனிப்பு, பாதி புளிப்பு. குமுளியில் ஒரு சேட்டன், புதுக் கடைக்காரர். மதியத்துக்குள் வந்தால் தினமும் சரக்கு எடுப்பார், தவறினால் வேறு ஆள். அந்த சீசனில் மாமாவுக்குக் கிடைத்த ஒரே நல்ல கடை அது.

கூடலூர் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். டீசல் முள் சிவப்பில். லோயர் கேம்ப் தாண்டினால் மலை. மாமா லீவரைத் தூக்கினார்.

டேங்க் கதவு திறக்கவில்லை.

பக்கத்து ஷெட்டில் இருந்து மெக்கானிக் ராசு வந்தார். கீல் துருப்பிடித்திருக்கும் என்று ஆயில் விட்டோம். ஸ்பிரிங் போயிருக்கும் என்று கையால் குத்தினோம். ஸ்குரூ டிரைவரால் நெம்பலாம் என்றார் ராசு. புது பெயிண்ட், மாமா விடவில்லை.

இதற்கிடையே லீவரைத் தூக்க வந்த ஒவ்வொருவரும், முதலில் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு தூக்கினார்கள். லீவர் பாதிதான் வந்தது.

இன்றைக்கும் எனக்கு விளங்காதது இதுதான். எல்லோரும் கயிற்றைப் பார்த்தோம். ஒருவரும் அதை வண்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

கடைசியில் ராசு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"அண்ணே, டேங்க்ல ஒண்ணுமில்ல. இந்த முடிச்சுதேன் லீவரை மேல விடமாட்டேங்குது."



"ஏலே, நீ அவுத்துவிடு," என்றார் மாமா என்னிடம்.

"எனக்கு அடுத்த வருசம் சனி ஆரம்பிக்குது மாமா."

மாமா ராசுவைப் பார்த்தார்.

"எனக்கு ஓடிக்கிட்டிருக்குண்ணே."

அத்தைக்கு போன் போட்டோம். "கட்டுன கையிதேன் அவுக்கணும். யாரும் மேல கை வைக்காதீக, நான் வாரேன்," என்று வைத்துவிட்டார்.

டவுன் பஸ் வரும் வரை, பெட்டிகளின் மேல் ஈரச்சாக்கு போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றோம். மாமா பஸ்ஸைப் பார்த்ததைவிடச் சூரியனைத்தான் அதிகம் பார்த்தார்.

அத்தை வந்தார். கும்பிட்டார். நிதானமாக அவிழ்த்தார். லீவரைத் தூக்கியதும் டேங்க் கதவு, ஒன்றுமே நடக்காததுபோல, டப்பென்று திறந்துகொண்டது. டீசல் ஏறுவதற்குள் அத்தை கயிற்றுக்கு வேறு இடம் பார்த்துக் கட்டிவிட்டு, திரும்பும் பஸ் ஏறிவிட்டார். சேட்டன் சாப்பிடப் போகக் கடையைச் சாத்தும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். மறுநாளும் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது என் காரில் டேங்க் கதவுக்கு ஒரு பட்டன். போன மாதம் அது வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, சென்சார் என்றார். நாலு பேர் கூடி யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. காபி கொடுத்து உட்காரச் சொன்னார்கள்... உட்கார்ந்திருந்தேன்.

அன்று அத்தை பார்த்த வேறு இடம், ஹேண்ட் பிரேக். அதற்குப் பிறகு வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின் டயருக்கு ஒரு கல் வைப்போம். வண்டியை விற்றபோது அந்தக் கல்லையும் சேர்த்தே கொடுத்தோம்.