முட்டியும் நீள அடியும்

நாற்பத்தொரு வயதில்தான் ஓட ஆரம்பித்தேன். ராயபுரத்தில் கப்பல் சரக்குக்கான சுங்கக் காகிதங்களைத் தயார் செய்யும் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நாற்காலியே கதி என்று இருந்தவள் நான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்றார்கள். நடந்தேன். ஒருநாள் விடிகாலையில் காசிமேட்டுக் கடற்கரைச் சாலையில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை சும்மா ஓடிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியவள், அன்று எதையும் பிடிக்காமல் ஓடியது வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறே மாதத்தில் திருவொற்றியூர் வரை ஓடித் திரும்பினேன். அப்போதுதான் வலது முட்டி வலிக்கத் தொடங்கியது. ஓடும்போதுகூடப் பரவாயில்லை, படி இறங்கும்போது உயிர் போயிற்று. தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவேன். எக்ஸ்ரேயில் தேய்மானம் எதுவும் இல்லை. இருந்தும் டாக்டர், இந்த வயதில் ஓட்டம் எதற்கு, விட்டுவிடுங்கள் என்றார். விட்டேன். மூன்று வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். டிரெய்லர் லாரிகள் நிற்கும் இடங்களில் எனக்குத் துணையாக பைக்கில் மெதுவாகப் பின்னால் வருபவர். என் எரிச்சலைப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

“ஓடறது தப்பில்ல மே. நீ ஓடற விதத்துல இன்னாவோ கீது. காலு தொம்மு தொம்முனு உழுது, பின்னாடி வண்டில வர எனக்கே கேக்குது. மிஷினு இப்டி சத்தம் போட்டா நாங்க நிறுத்திட்டு எங்க இடிக்குதுனு பாப்போம். தூக்கியா போடுவோம்?”

அவரே லீவு போட்டு அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் என்னை வராந்தாவில் ஓடச் சொன்னாள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்த ஒருவர் அதை மடக்க முடியாமல் நகர்ந்து எனக்கு வழிவிட்டார். என் செல்போனிலேயே பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். நீட்டிய கால், மடங்காத முட்டி, உடம்புக்கு வெகு தூரம் முன்னால் தரையில் குத்தும் குதிகால். அது நான்தானா என்று இருந்தது.

“பாருங்கக்கா, கால் உங்களுக்கு முன்னாடி போய் பிரேக் போடுது. ஒவ்வொரு தடவையும் அந்த அடிய முட்டிதான் வாங்குது. எட்டி வைக்காதீங்க. சின்ன அடியா, கொஞ்சம் வேகவேகமா வைங்க. கால் இடுப்புக்குக் கீழயே விழட்டும்.”

நீள அடி வைத்தால்தான் நல்ல ஓட்டம் என்று யாரும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தேன். இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, அதற்கு மேல் கூடாது என்றாள்.

முதல் வாரம் கொதிக்கும் மணலில் ஓடுகிறவள்போல டக்டக்கென்று ஓடினேன். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடிகளை எண்ணினார். முன்பு நிமிடத்துக்கு நூற்று ஐம்பது வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது நூற்று அறுபதைத் தாண்டியது. ஆனால் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப்போயின. ஒரு வலிக்குப் பதில் இன்னொன்றா என்று மனம் விட்டுப் போனது. பிசியோதெரபி பெண், முட்டி தாங்கியதில் ஒரு பங்கை இப்போது கெண்டைக்கால் தாங்குகிறது, அதற்குப் பழக நாள் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, குப்பைக் கூடையுடன் கீழே இறங்கி மாநகராட்சி வண்டிக்காக நின்றபோதுதான் உறைத்தது: மூன்று மாடியையும் நேராக, கைப்பிடி தொடாமல் இறங்கியிருந்தேன். குப்பையைக் கொட்டிவிட்டு ஏறி, மறுபடி ஒருமுறை இறங்கிப் பார்த்தேன்.

முட்டி அடியோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். களைப்பில் அடி நீளும் நாட்களில் லேசாக முனகும். அன்றைக்கு நடந்துவிடுவேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக எண்ணூர் வரை ஓடினேன். முகத்துவாரத்துப் பக்கம் காற்று உப்பாக முகத்தில் அடித்தது. வழக்கம்போல் பைக்கில் பின்னால் வந்த கணவருக்கு அன்று பகல் ஷிப்ட். தள்ளுவண்டிக் கடையில் இரண்டு பேரும் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். அவர் மணலிக்கு வண்டியைத் திருப்பினார். நான் பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் இருந்தும் ஜன்னலோரம் நின்றபடியே வீட்டுக்கு வந்தேன்.