சாப்பிடலாம், பேசக் கூடாது

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம் அது. நெய்யாற்றங்கரை தாலுகாவில் தமிழ் பேசும் ஊர்களையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். பாறசாலை பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், ஐந்தாவதாகப் போலீஸ் வந்து நிற்கும். நான் அப்போது உதியன்குளங்கரையில் ஒரு வணிகப் பள்ளியில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துக் கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் வருஷம் தோறும் பழைய மாணவர் விருந்து நடக்கும். திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் வேலைக்குப் போனவர்கள் வந்து, வேலை கிடைப்பது எப்படி, கிடைத்த வேலையை விடாமல் பிடித்துக் கொள்வது எப்படி என்று பிரசங்கம் செய்வார்கள். பிறகு சாப்பாடு. அந்த வருஷம் கூட்டம் கூடத் தடை இருந்ததால் பள்ளி மாஸ்டர் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்கப் போனார். "ஊணு கழிக்காம். பிரசங்கம் வேண்டா" என்று சொல்லிவிட்டார் அவர். சாப்பிடலாம், பேசக் கூடாது. யாராவது எழுந்து நின்று பேசுகிறார்களா என்று பார்க்க ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பி வைத்தார்.

பிரசங்கத்தை மனப்பாடம் செய்து கொண்டு வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் வாய் சும்மா இருக்குமா? சர்ச் வளாகத்துப் பந்தலில் மாணவ மாணவிகள் நாங்கள்தான் விளம்பினோம். சாம்பார் வாளியோடு குனிந்தால் போதும், இலைக்கு மேலேயே புத்திமதி ஆரம்பித்துவிடும். "மேனேஜர் சொல்லுகதுல தப்பு இருந்தா டைப் அடிக்கதுக்கு முன்னால கேளு. அடிச்ச பொறவு கேக்காத" என்றார் ஒருவர். "சேர்ந்த மாசமே லீவு கேட்டுராத மக்கா" என்றார் இன்னொருவர். அவியலுக்கு ஒரு யோசனை, பப்படத்துக்கு ஒரு யோசனை. மேடையில் நின்று பேசியிருந்தால் பாதியில் தூங்கிப் போயிருப்பேன். காதில் சொன்னதால் எல்லாம் மனசில் நின்றுவிட்டது.

ஆனால் என் மனசு அதில் முழுதாக இல்லை. அப்பா போராட்டத்தில் கைதாகி நெய்யாற்றங்கரை சப்-ஜெயிலில் இருந்தார். எங்கள் பலசரக்குக் கடை பூட்டிக் கிடந்தது. அம்மாவும் இரண்டு தம்பிகளும் நான் ஒரு வேலைக்குப் போய்விடுவேன் என்ற ஒரே நம்பிக்கையில் இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்தது. அங்கே ஹெட்கிளார்க் எங்கள் பள்ளியின் பழைய மாணவர், காரோடு என்ற ஊர்க்காரர். அன்று அவரும் வருவதாக இருந்தது.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அப்பா எங்கன்னு கேட்டா திருநெல்வேலியில வியாபாரம்னு சொல்லு. ஜெயில்னு தெரிஞ்சா அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர், என் மேல் உள்ள பரிதாபத்தில்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டதால் ஹெட்கிளார்க் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். கடைசிப் பந்தியில், விளம்பி முடித்த எங்களோடு உட்கார வேண்டியதாயிற்று. எனக்கு நேர் எதிர் இலை அவருக்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பந்தி உட்கார்ந்ததும் ஒருவர் பந்தலுக்கு வெளியே வந்து "இனி சாப்பிட ஆள் உண்டா?" என்று கேட்க வேண்டும். அப்போது கண்ணில் படுபவர் யாராக இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த விருந்தே குறைபட்டது. அன்று கேட்கப் போனவள் என் சிநேகிதி. வெளியே நின்றிருந்தது கான்ஸ்டபிள் மட்டும்தான்.

பந்தலுக்குள் எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்து கொண்டார்கள். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் யாராவது ஜெயிலில் இருந்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கான்ஸ்டபிளை எனக்கு நன்றாகவே தெரியும். அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போதெல்லாம் சப்-ஜெயில் வாசலில் காவல் நிற்பவர் அவர்தான். ஒற்றசேகரமங்கலம் பக்கத்து ஆள். "வேண்டாம், வேண்டாம்" என்று அவரே பின்வாங்கினார். சிநேகிதி விடுவாளா? "கேட்டாச்சு சாரே. இனி நீங்க உண்ணாம எங்களுக்கு எறங்காது" என்றாள். அவர் லத்தியைச் சுவரில் சாய்த்து வைத்து, தொப்பியை மடியில் கவிழ்த்துக் கொண்டு, ஹெட்கிளார்க்குக்கு அடுத்த இலையில் வந்து உட்கார்ந்தார். காலி இலை அது ஒன்றுதான் இருந்தது.

பருப்பு விளம்பி முடிந்தது. ஹெட்கிளார்க் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீதானா மாஸ்டர் சொன்ன பிள்ளை? அப்பா எங்க இருக்காரு மக்கா?"

திருநெல்வேலி நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குப் பக்கத்து இலையில் கான்ஸ்டபிள் தலை குனிந்து சோறு பிசைந்து கொண்டிருந்தார். என் அப்பாவைப் பூட்டி வைத்திருக்கும் ஆளையே எதிரில் வைத்துக் கொண்டு, அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, அந்த ஆள் முன்னால் அப்பாவை மறைத்துப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

"நெய்யாற்றங்கரை சப்-ஜெயில்லாக்கும் சார். போராட்டத்துல பிடிச்சிட்டுப் போனாங்க."

"அப்படியா" என்றார் ஹெட்கிளார்க். பிறகு பப்படத்தை நொறுக்குவதில் மும்முரமாகிவிட்டார். பந்தல் காலைப் பிடித்துக் கொண்டு நின்ற மாஸ்டரின் முகம் தொங்கிப் போனது. அம்மாவிடம் போய் என்ன சொல்வேன் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

அப்போது கான்ஸ்டபிள் இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "சாரே, இந்தப் பிள்ளைய எனக்கு நல்லாத் தெரியும். தெனமும் சோறு கொண்டு வாறது இவளாக்கும். அங்க வரிசையில நிக்குத பெண்ணுங்களுக்கெல்லாம் இங்கிலீசுல மனு எழுதிக் குடுப்பா. மத்தவங்க எழுதுகத எங்க ஆபீசர் அது சரியில்ல, இது சரியில்லன்னு திருப்பி விடுவாரு. இவ எழுதினது ஒண்ணும் திரும்பி வந்ததில்ல."

சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். ஒரு போராட்டக்காரரின் மகளுக்காகப் போலீஸ்காரர் பேசினார் என்று யாராவது மேலே போட்டுக் கொடுத்திருந்தால் அவர் வேலை போயிருக்கும். அது அவருக்குத் தெரியாதா என்ன?

பாயசம் வந்த பிறகுதான் ஹெட்கிளார்க் வாய் திறந்தார். "நான் எடுப்பேன்னு இப்ப சொல்ல முடியாது. மேனேஜர்கிட்ட உங்க அப்பா விஷயத்த நானே முதல்ல சொல்லுவேன். பொறவு வேற யாராவது போய்ச் சொல்லி உன்னய வெளிய அனுப்பக் கூடாதுல்லா? நீ டெஸ்டுக்கு வா."

டெஸ்டுக்குப் போனேன். வேலை கிடைத்தது. நான் ஓய்வு பெற்றதும் அதே கம்பெனியில்தான். அப்பாவும் பிறகு விடுதலையாகி வந்தார். ஆனால் அவர் கேட்டது நடக்கவில்லை, எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கடையைத் திறந்து, கடைசி வரை அந்த வருத்தத்தோடேயே இருந்தார்.

விருந்துக்கு மறுநாள் நான் சோற்றுப் பாத்திரத்தோடு சப்-ஜெயிலுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். கான்ஸ்டபிளிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "மூடியத் தெற" என்றார். ஒரு குச்சியால் சோற்றை அடி வரைக்கும் கிளறிப் பார்த்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கண்டதச் சொன்னேன் மக்கா, வேற ஒண்ணும் இல்ல. இதுவும் என் வேலையாக்கும்" என்று மெதுவாகச் சொல்லி, மூடியை அவரே அழுத்தி மூடிக் கொடுத்தார்.

அத்தனை நாளும் அவரைத் தினம் பார்த்தும் நான் கண்டது அந்தக் காக்கிச் சட்டையை மட்டும்தான்; அவரோ அந்த வரிசையில் நின்ற என்னைக் கண்டிருக்கிறார். இப்போதும் ஒருவரை எனக்குப் பிடிக்காமல் போகும்போதெல்லாம், அவரிடம் நான் கண்ட நல்லதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வருமா என்று முதலில் என்னையே கேட்டுக் கொள்கிறேன்.