மூன்றாவதாக ஓடியவள்

சுண்ணாம்புக் கோட்டின் மேல் வெயில் ஏறி மூக்கில் காரமாய் அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், பூந்தமல்லி மைதானத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்காக இருந்தது ஐந்தே பேர்: முதலில் ஓடும் லதா, இரண்டாவது வசந்தி, மூன்றாவது நான், கடைசியில் மேரி, அப்புறம் பி.டி. டீச்சர். தொடர் ஓட்டம், ஆளுக்கு நூறு மீட்டர். கையில் இருக்கிற குச்சியை அடுத்தவளிடம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கொடுத்துவிட வேண்டும், தாண்டிக் கொடுத்தால் நாலு பேருமே "அவுட்டு". வாங்குகிறவள் நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது; வருகிறவள் தரையில் கிழித்த அடையாளத்தை மிதித்ததும் ஓடத் தொடங்கி, "கை" என்ற குரல் கேட்டதும் உள்ளங்கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதுதான் எனக்கு வரவில்லை. பூட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். பயிற்சியில் ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவேன், வேகம் செத்துவிடும். வசந்தி கரையான்சாவடிக்காரி, வாய் சும்மா இருக்காது. "இன்னாடி, நாயா தொரத்துது? நான்தான வந்துகினு கீறேன்" என்பாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் அம்மா எனக்காக வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். பரீட்சையோடு படிப்பு முடிகிறது என்பதை நான் கூட ஓடுகிறவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஓட்டம். அதையும் கெடுத்துவிடக் கூடாது.

கெடுக்கத்தான் பார்த்தேன். பயத்தில், வசந்தி அடையாளத்தைத் தொடுமுன்பே கிளம்பிவிட்டேன். குரல் வரவில்லை, கோடு கிட்டே வந்துகொண்டிருந்தது, விழுந்துவிட்டாளோ, குச்சி நழுவிவிட்டதோ என்று கழுத்து தானாகத் திரும்பப் போன நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்: "திரும்பாதடி, கீறேன்." வேகத்தைச் சற்று அடக்கிக் கையை நீட்டினேன். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் குச்சி உள்ளங்கையில் வந்து விழுந்தது.

இரண்டாவதாக வந்தோம். குச்சி கைமாற ஏன் அவ்வளவு தாமதம் என்று டீச்சர் கேட்டபோது, தான்தான் சுணங்கிவிட்டதாக வசந்தி சொல்லிவிட்டாள்.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். வசந்தியை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும் தெரியாது. என் மகள் நீச்சலில் தொடர் போட்டிக்குப் போகிறாள். அதில் குச்சி கிடையாது. முன்னவள் நீந்தி வந்து சுவரைத் தொடும்வரை அடுத்தவள் மேடையில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உனக்கேற்ற போட்டி இதுதாம்மா என்று அவள் சிரிக்கிறாள். இருக்கலாம். ஆனால் பார்க்காமலே ஒருத்தியை நம்பி ஓடிய அந்த நாலைந்து காலடிகள் எனக்கு அதில் கிடைத்திருக்காது.