ஊதுப்பா

பார்க்கின்சன் நோயை ஆராய, மூளைப் புரதத்தைக் குழாய்களில் ஊற்றி, நாள்கணக்கில் குலுக்கிக் கட்டியாக்குவது என் வேலை. குலுக்கும் மெஷின் கடகடக்கும்போதெல்லாம் அப்பாவின் டிபன் கேரியர் சத்தம் கேட்கிறது.

இருபது வருடத்துக்கு முன் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். கை நடுங்கத் தொடங்கியதும், பாகலூர் தாண்டி கர்நாடகாவில் குடித்துவிட்டு வருகிறார் என்றே நினைத்தோம். சாயங்காலம் கேரியர் கடகடத்தால் அம்மா என்னை வாசலுக்கு அனுப்புவாள்.

“ஊதுப்பா.”

குனிந்து ஊதுவார். டீ வாசனைதான் வரும்.

“ஒண்ணும் இல்லம்மா” என்பேன்.

“ஏலக்கா மென்னுட்டு வந்திருப்பாரு” என்பாள் அம்மா. நானும் நம்பினேன்.

பெங்களூர் டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று, அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் கேட்கவில்லை. அவராகவே என் முன்னால் குனிந்து ஊதினார்.